பதினாலு சுருள் கயிறு

திருகோணமலை
27.02.1966

சிவபாக்கியத்துக்கு,

சுகம் விசாரிச்சு எழுதுற நிலைமையில நான் இல்ல. நேரா விசயத்துக்கு வாறன். என்ட கடையின் இருப்புப் புத்தகம் எங்க?

வியாழக்கிழமை காலையில கடைப் பூட்டுத் திறப்பை மேசையில வச்சிட்டு, "நான் போறன்" எண்டு என்ட மச்சினன் லாபிரிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனீங்களாம். ஒம்பது வருசம் என்ட கப்பல் சாமான் கடையில வாற சாமான், போற சாமான் எல்லாம் பதிஞ்ச ஆள். எனக்கு ஒரு வார்த்தை இல்ல. சரி, போறதெண்டா போங்க. அலுமாரியத் திறந்து பாத்தா புத்தகமும் இல்ல.

என்ன நேரத்தில இந்த வேலை செஞ்சிருக்கிறீங்க எண்டு யோசிச்சீங்களா? 22ம் திகதி கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏத்தேக்க கயிறு அறுந்து, அவ்வளவு பெட்டியும் கீழ சரக்குப் படகில நிண்ட முத்தலிபுக்கு மேல விழுந்தது. எங்கட கிண்ணியா ஆள். முப்பத்தொரு வயசு. மூணு பிள்ளை. நான் கொழும்பில இருந்து ஓடி வந்து சேரேக்க மையித்தை அடக்கிட்டாங்க. கயிறு எங்கட கடைக் கயிறு. பள்ளிக்குத் தொழப் போனா எல்லாரும் என்னத்தான் பாக்கிறாங்க.

பாரம் தூக்குற வின்ச் இழுத்த கதிரவேல், அந்தச் சல்லி ஊர்க்காரன், குடிச்சிட்டு வெட்டி இழுத்ததாலதான் அறுந்ததெண்டு ஏத்துற கொம்பனிக்காரர் சொல்லுறாங்க. பொலிஸ் அவனை மறியல்ல போட்டிருக்கு. மார்ச் 14ம் திகதி விசாரணை. இருப்புப் புத்தகத்தோட வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கு.

கடையும் நிண்டு போச்சு. நேத்து ஒருத்தன் முக்கால் அங்குல ஷகிள் வளையம் கேட்டான். லாபிர் அரை மணித்தியாலம் தேடி அரை அங்குலம் கொண்டுவந்து நீட்டுறான்.

கட்டைபறிச்சானில அக்கா வீட்டில நிக்கிறீங்க எண்டு அறிஞ்சன். இதைக் கண்டதும் மூதூர் லோஞ்சுப் படகில புத்தகத்தை அனுப்புங்க. மத்தவன்ட பொருளை எடுத்துக்கொண்டு போறதுக்கு என்ன பேர் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

ஸைனுலாப்தீன்


கட்டைபறிச்சான்
02.03.1966

முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. களவு என்று எழுத வந்து எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கலாம். நான் இதில் எதையும் எழுதாமல் விடப்போவதில்லை.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. முன்னால் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பக்கம் 112. மணிலாக் கயிறு, மூன்று அங்குலம்.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் கடல் கடைக்குள் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பின் அறையில் இருந்த பதினாலு சுருளும் சேற்றுத் தண்ணீரில் ஊறி, மூன்று கிழமைக்கு மேலாக ஒருவரும் விரித்துக் காயவைக்காமல் கிடந்தன. காய்ந்த பிறகு வெளியே பார்க்கப் பொன்நிறம். நான் ஒவ்வொரு சுருளிலும் புரியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறம். விரலால் தேய்க்கத் தூளாகக் கொட்டியது. 1965 தை 18ம் திகதி இந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: "14 சுருள். கழிவு. விற்கக் கூடாது." உங்களிடமும் வாயால் சொன்னேன். "பரணில போட்டு வைங்க, பிறகு பாப்பம்" என்றீர்கள்.

போன மாதம் 23ம் திகதி காலை, முத்தலிப் இறந்த செய்தியோடு கடைக்கு வந்தேன். கயிறு அறுந்தது என்று கேட்டவுடன் நான் வேறு எந்தப் பக்கத்தைத் திறப்பது? சிவப்பு மை இல்லை. சவர அலகால் சுரண்டியிருந்தது. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் அடுத்த பக்கத்து எழுத்துத் தெரிகிறது. அதற்கு மேல் நீல மையில், என் கையெழுத்தைப் பார்த்து எழுதினதுபோல், "14 சுருள். நல்லது."

முதலாளி, நான் அந்தப் புத்தகத்தில் ஒரு நாளும் "நல்லது" என்று எழுதினதில்லை. நல்ல சாமானுக்கு எண்ணிக்கை மட்டும் போதும்.

நேவி ஸ்டோர்ஸில் ஏழு வருடம் பதிவு எழுதினவள் நான். வெள்ளைக்காரர் போய் அதை மூடின பிறகுதான் உங்களிடம் வந்தேன். அங்கே ஒரு எழுத்துப் பிழைத்தால் மேலே கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். சுரண்டினவர் அடுத்த நாள் வாசலுக்குள் வர ஏலாது. இங்கே சுரண்டினது யார்? கடைக்குத் திறப்பு இரண்டு. ஒன்று என்னிடம் இருந்தது. மற்றது உங்கள் வீட்டில்.

புத்தகத்தை லோஞ்சில் அனுப்ப மாட்டேன். 14ம் திகதி நானே கொண்டு வருவேன். கதிரவேல் வெட்டி இழுத்ததால் அல்ல, இற்ற கயிறானபடியால்தான் அறுந்தது என்று சொல்லுவேன்.

க. சிவபாக்கியம்


திருகோணமலை
05.03.1966

சிவபாக்கியத்துக்கு,

உங்கட கடிதத்தைக் கசக்கி எறிஞ்சிட்டு, பிறகு எடுத்து நிமித்தி இன்னொருக்காப் படிச்சன். என்னையா சொல்லுறீங்க? ஸைனுலாப்தீன் சவர அலகு எடுத்துப் புத்தகம் சுரண்டுவானா? முப்பது வருசமா இந்தத் துறைமுகத்தில எத்தனை கப்பல்காரர் என்ட வாய் வார்த்தையை நம்பிச் சாமான் எடுத்தாங்க எண்டு உங்களுக்குத் தெரியாதா?

19ம் திகதியில இருந்து 23 வரைக்கும் நான் கொழும்பில. புதுக் கயிறு இறக்குறதுக்கு லைசன்ஸ் கேட்டு ஒவ்வொரு கந்தோர்ப் படியா ஏறி இறங்கினன். 21ம் திகதி பின்னேரம், நீங்க வீட்ட போன பிறகு, லாபிர் ட்ரங்க் கோல் எடுத்தான். "மச்சான், கப்பலுக்கு உடனே அஞ்சு சுருள் கேக்கிறாங்க, கீழ ஒண்டும் இல்ல" எண்டான். "பரணில பதினாலு கிடக்கு, அதில குடு" எண்டன். என்ட கடையில எது எங்க கிடக்கெண்டு சொல்ல எனக்குப் புத்தகம் வேணுமா? எல்லாம் தலைக்குள்ள இருக்கு. நீங்க கழிச்ச கதை நினைவில வரல்ல. புயலுக்குப் பிறகு எத்தனை சாமான் கழிஞ்சுது, எதையெண்டு நினைவில வைக்கிறது?

உங்கட கடிதத்தைக் கொண்டுபோய் லாபிருக்கு முன்னால போட்டன். முதல்ல "எனக்குத் தெரியா" எண்டான். பிறகு கதிரையில இருந்து அழுதான். கயிறு அறுந்ததெண்டு கேள்விப்பட்டதும் பயந்துபோய், அண்டு ராவு என்ட வீட்டுத் திறப்பால கடையைத் திறந்து புத்தகத்தைப் பாத்தானாம். சிவப்பு எழுத்தைக் கண்டானாம். "கண் இருண்டுது மச்சான், என்ன செய்யிறதெண்டு தெரியாமச் சுரண்டிட்டன்" எண்டான். ரெண்டு அறை குடுத்தன்.

சரி, உண்மை இப்ப உங்களுக்கும் தெரியும். இனி நான் சொல்லுறதைக் கேளுங்க. அவன் என்ட பெண்சாதியின் ஒரே தம்பி. அவன்ட பெண்சாதி ஸுல்பிகாவுக்கு இது எட்டாம் மாசம். முத்தலிப் திரும்பி வரப்போறதில்ல. கதிரவேல் குடிகாரனெண்டு ஊருக்கே தெரியும், ஆறு மாசம் உள்ள இருந்தா அவனுக்கும் நல்லது. லோஞ்சில வரேக்க புத்தகம் தண்ணியில விழுந்திட்டுது எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க. போதும். அதுக்குப் பிறகு உங்கட கதிரை உங்களுக்கு அப்பிடியே இருக்கும்.

ஸைனுலாப்தீன்


கட்டைபறிச்சான்
08.03.1966

முதலாளிக்கு,

உங்களில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. சுரண்டினது நீங்கள் இல்லை என்று படித்தபோது மூச்சு வந்தது. அடுத்த பந்தியைப் படித்தேன். சுரண்டினவனே பரவாயில்லை. அவன் பயந்து செய்தான். நீங்கள் யோசித்துச் செய்கிறீர்கள்.

நேற்று கதிரவேலின் மனைவி கமலேஸ்வரி சல்லியிலிருந்து பஸ்ஸும் லோஞ்சும் பிடித்து, விசாரித்து விசாரித்து இங்கே வந்து சேர்ந்தா. "அக்கா, கடையில கயிறுக் கணக்கு எழுதினது நீங்கதானாம். அந்தாள் அண்டைக்கு ஒரு துளி குடிக்கேல்லை. குடிச்சால் நான் சொல்லுவன் அக்கா, எனக்கென்ன வெக்கம்?" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டா. புத்தகம் அடுத்த அறையில் இருந்தது. விசாரணைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அதற்கு மேல் அவவின் முகத்தைப் பார்க்க என்னால் ஏலாமல் போய்விட்டது. அந்தக் கதிரவேல் ஆறு மாதம் உள்ளே இருந்தால் நல்லது என்று நீங்கள் எழுதுகிறீர்கள்.

எல்லாம் தலைக்குள் இருக்கிறது, இருக்கிறது என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நான் கூப்பன் அரிசிக் கடைக்குக் கணக்கு எழுதுவதுபோல் எழுதுகிறேன் என்று வாடிக்கைக்காரருக்கு முன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். இனிச் சிரிக்க மாட்டேன். உங்கள் தலைக்குள் பதினாலு சுருள் இருந்தது. அது இற்றுப்போனது என்பது மட்டும் இருக்கவில்லை. தலைக்குள் இருக்கும் இருப்பை இன்னொருவர் திறந்து பார்க்க ஏலாது. அதற்குத்தான் புத்தகம்.

லாபிரும் தப்ப ஏலாது. புத்தகத்தைப் பார்க்காவிட்டால் பரவாயில்லை. பரணில் ஒவ்வொரு தட்டிலும் நான் இருப்பு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அட்டையிலும். ஏணியில் ஏறினவன் கண்ணுக்கு முன்னால் தொங்கின அட்டையைப் பார்த்திருந்தாலே போதும், முத்தலிப் இன்றைக்கு வீட்டில் இருப்பார். நம்பாவிட்டால் நீங்களே ஏறிப் பாருங்கள். பரணில் கால் வைத்து எத்தனை வருடம்?

புத்தகம் தண்ணீரில் விழவில்லை. விழப்போவதுமில்லை.

க. சிவபாக்கியம்


திருகோணமலை
10.03.1966

சிவபாக்கியம் அவர்களுக்கு,

ஏறினன். ஆறு வருசத்துக்குப் பிறகு, முழங்கால் நோவோட, ஒவ்வொரு படியா ஏறினன். நீங்க சொன்ன அட்டையை அவிழ்த்து எடுத்தன். இதுக்குள்ள வச்சிருக்கிறன். உங்கட கண்ணாலேயே பாருங்க.

"மணிலாக் கயிறு, மூன்று அங்குலம். 14 சுருள்." நீல மை. உங்கட கையெழுத்து. ஒரு சிவப்புப் புள்ளி இருக்கா? கழிவு எண்டு ஒரு எழுத்து இருக்கா? திருப்பியும் பாருங்க, பின்னாலயும் ஒண்டுமில்ல. சுரண்டின அடையாளமும் இல்ல, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்திட்டன், உங்களிட்டப் படிச்சதுதானே.

லாபிரைக் கேட்டன். "அட்டையைப் பாத்தனான் மச்சான். பதினாலு எண்டு இருந்துது. நல்ல கயிறெண்டுதான் எடுத்தன்" எண்டான். உங்கட அட்டையை நம்பித்தான் எடுத்திருக்கிறான்! பெரிசா எழுதினீங்க, புத்தகத்தில இருக்கிறதுதான் அட்டையிலும் எண்டு. நேவி ஸ்டோர்ஸ், கோடு கிழிக்கிறது, கையெழுத்து வைக்கிறது! என்னை யோசிச்சுச் செய்யிறவன் எண்டு எழுதின கையாலதான் இந்த அட்டையையும் எழுதினீங்க.

இப்ப சொல்லுங்க, முத்தலிபை ஆர் கொன்றது?

ஸைனுலாப்தீன்


திருகோணமலை
11.03.1966

சிவபாக்கியம் தங்கச்சிக்கு,

நேத்து கோவத்தில அட்டையைக் கடிதத்துக்குள்ள வச்சு அனுப்பிட்டன். தபால்ல போட்டுட்டு வீட்ட வந்த பிறகுதான் விளங்கினது. புத்தகமும் உங்கட கையில, அட்டையும் உங்கட கையில. லாபிர் அறியாமத்தான் எடுத்தான் எண்டு காட்ட எனக்கிட்ட இருந்தது அது ஒண்டுதான்.

அதைப் பத்திரமா வச்சிருங்க. வேற ஒண்டும் எழுதத் தெரியல்ல.

ஸைனுலாப்தீன்


கட்டைபறிச்சான்
12.03.1966

முதலாளிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே தபாலில் வந்தன. பிந்தினதை முதலில் பிரித்தேன். அதனால் அட்டையை எடுக்கும் முன்பே அதில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

அது என் எழுத்துத்தான். சிவப்பு இல்லை.

அக்கா குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தா. நான் அட்டையோடு போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். ஒளிக்காமல் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் இல்லை, அரிசி கொதித்து வரும் மட்டும் நின்றேன். போட்டுவிட்டால் நான் சுத்தம். ஒன்பது வருடமும் சுத்தம். லாபிர் ஒருவன்தான் குற்றவாளி. அப்படி ஒரு யோசனை எனக்கு வரும் என்று நான் நினைத்ததேயில்லை. லாபிருக்குக் கண் இருண்டது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது.

நடந்தது இதுதான். அன்று, தை 18, பின்னேரம் புத்தகத்தில் சிவப்பால் எழுதினேன். இருட்டிவிட்டது, அட்டையை நாளைக்கு மாற்றுவோம் என்று இறங்கினேன். காலையில் இங்கிருந்து தந்தி. அக்கா வீட்டில் புயலுக்குத் தப்பி நின்ற சுவரும் விழுந்து, அத்தானுக்குக் கால் முறிந்துவிட்டது. மூன்று கிழமை கழித்துத்தான் திரும்பி வந்தேன். வந்தபோது மேசையில் எழுதக் கிடந்தது நூற்றுக்கணக்கு. அட்டையை மாற்றிவிட்டேன் என்றே நினைத்திருக்கிறேன். பார்க்கவில்லை. நினைத்தேன். உங்கள் தலையைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு எழுதின நான், என் தலையைத்தான் ஒரு வருடம் நம்பியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. ஆர் கொன்றது என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. அதைக் கேட்கிறதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

14ம் திகதி இரண்டையும் கொண்டு வருவேன்.

க. சிவபாக்கியம்


திருகோணமலை
16.03.1966

சிவபாக்கியத்துக்கு,

நினைச்சதைச் செஞ்சு முடிச்சீங்க. நிம்மதியா?

அவ்வளவு பேருக்கு முன்னால எழும்பி நிண்டு, புத்தகத்தைக் காட்டி, சுரண்டின இடத்தை யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டி, பிறகு அட்டையையும் எடுத்து மேசையில வச்சு, "இது என்னுடைய பிழை, ஐயா" எண்டீங்க. விசாரணைக்காரர் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தார். அறுந்த கயிறின் புரியைப் பிரிச்சாங்க, நீங்க சொன்ன மாதிரியே தூள் கொட்டிச்சு. கதிரவேலை அங்கேயே விட்டாங்க. அவன் பெண்சாதி உங்கட காலில விழப் போனதையும் பாத்தன்.

லாபிரைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போச்சு. கயிறு எடுத்ததுக்கு இல்ல, புத்தகம் சுரண்டினதுக்கு. ஸுல்பிகா என்ட வீட்டில வந்து கிடந்து அழுறா. என்ட பெண்சாதி எனக்குச் சோறு போட்டுட்டு முகத்தைப் பாக்காமப் போறா.

நீங்க திரும்பி என்னைப் பாத்த பார்வையைப் பத்தித்தான் எழுத வந்தன். "பரணில் இருந்து கயிறு எடுத்துக் கொடுக்கச் சொன்னது நீங்களா?" எண்டு என்னைக் கேட்டாங்க. "ஞாபகமில்ல" எண்டன். ஓம், சொன்னன். அம்பத்தெட்டு வயசில நான் மறியலுக்குப் போறதா? கடையை ஆர் பாக்கிறது? ரெண்டு குடும்பத்தை ஆர் பாக்கிறது? என்ட அஞ்சாம் திகதிக் கடிதம் உங்கட கைப்பைக்குள்ள இருந்திருக்கும். அதையும் எடுத்துக் காட்டியிருக்கலாமே? காட்டல்ல. பாத்தீங்க மட்டும். அந்தப் பார்வைக்கு நீங்க காட்டியே இருக்கலாம்.

எல்லாம் முடியப் பக்கத்தைப் பிரதி எடுத்திட்டு, அட்டையை வச்சுக்கொண்டு, புத்தகத்தை உங்கட கையில குடுத்தாங்க. என்ட கையில இல்ல. என்ட புத்தகம்.

ஸைனுலாப்தீன்


கட்டைபறிச்சான்
20.03.1966

முதலாளிக்கு,

உங்கள் ஞாபகத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அதை விட அவசரமான விசயம். இதைப் படித்து முடித்ததும் கடைக்குப் போங்கள்.

18ம் திகதி கிண்ணியாவுக்கு, முத்தலிபின் வீட்டுக்குப் போனேன். விசாரணையில் எழுந்து நின்று சொன்னதை அந்த வீட்டில் போய்ச் சொல்லாமல் எனக்கு இருக்க ஏலவில்லை. அவருடைய மனைவி நஜ்முன் நிஸா கணவனுக்காக இத்தாவில் வீட்டுக்குள் இருக்கிறா. ஆண்கள் ஒருவரும் உள்ளே போக ஏலாது. தாய் ஆமினா உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனா. நஜ்முன் நிஸா வெள்ளைச் சேலையோடு பாயில் இருந்தா. கடைசிப் பிள்ளை மடியில்.

யார் நான் என்று சொன்னேன். அட்டையைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய விசயத்துக்கு அந்தச் சொல் சின்னனாக இருந்தது. அவ அழுவா, ஏசுவா என்று நினைத்தேன். பிள்ளையை மடியில் இருந்து பாயில் கிடத்தினா. பிறகு கேட்டா:

"பதினாலு எண்டுதானே எழுதினீங்க?"

"ஓம்."

"கப்பலுக்கு அஞ்சு போச்சு. மிச்சம் ஒம்பதும் அங்க இருக்கா?"

"தெரியாது."

"எண்ணிப் பாத்தீங்களா? நீங்க பாக்கல்ல. முதலாளி பாத்தாரா? விசாரணைக்கு வந்தவங்களாவது பாத்தாங்களா?" அப்போதுதான் அவவின் குரல் உயர்ந்தது. "என்ட மனிசன் போய்ச் சேந்திட்டார். இன்னும் ஆரும் சாகக் கிடக்கிறாங்களா எண்டு ஒருத்தரும் பாக்கல்லையா? என்னட்ட வந்து என்னத்தைச் சொல்லுறீங்க? போய் எண்ணுங்க!"

முதலாளி, நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கடிதம் எழுதினோம். நீங்கள் பரணில் ஏறினீர்கள், என்னைப் பிடித்துக் கொடுக்க அட்டையை அவிழ்த்தீர்கள். பக்கத்தில் கிடந்த கயிற்றை எண்ணினீர்களா? நான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தேன். எண்ணச் சொல்லி எழுதினேனா? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் பாயில் இருந்துகொண்டு கேட்கிறா.

போய் எண்ணுங்கள். கையால் தொட்டு எண்ணுங்கள்.

க. சிவபாக்கியம்


திருகோணமலை
03.04.1966

சிவபாக்கியம் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைச்ச அண்டைக்கே எண்ணினன். ஆறு. மூணு தரம் எண்ணினன், கையால தொட்டு. ஆறுதான். ஒம்பது இருக்க வேண்டிய இடத்தில ஆறு.

மூணு சுருள் இந்தக் கரையில எங்கயோ ஆக்களைத் தாங்கிக்கொண்டு கிடக்கு, எனக்குத் தெரியா. என்ட தலைக்குள்ள இல்ல. உங்கட புத்தகத்தில நீங்க எழுதியிருக்கவும் மாட்டீங்க, அங்க பதினாலு எண்டுதான் நிக்குது.

மறியலுக்குப் போய் லாபிரைக் கேட்டன். கம்பிக்கு அங்கால நிண்டு தலையச் சொறிஞ்சான். நீங்க தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போன கிழமை அவன்தான் பரணில இருந்து மூணு சுருள் எடுத்துக் குடுத்தானாம். "மிஸ் வந்ததும் எழுதச் சொல்லுவம் எண்டு இருந்தன், மறந்திட்டன்" எண்டான். அறையக் கை எட்டல்ல. ஒண்டு மூதூர் லோஞ்சுக்கு. ரெண்டு நிலாவெளிக் கரைவலைக்காரருக்கு.

லோஞ்சுக்கு அண்டைக்கே ஓடினன். முன்னால கரையில கட்டுற கயிறு அதுதான். நீங்க 14ம் திகதி அதிலதான் வந்தீங்க, போனீங்க. கதிரவேலின் பெண்சாதியும் அதிலதான் வந்திருப்பா. லோஞ்ச்காரன் சண்டைக்கு வந்தான். வேற கயிறு வாங்கிக் குடுத்து இதை வெட்டி எடுத்தன்.

நிலாவெளிக்கு மூணு நாள் அலைஞ்சன். முதல் ரெண்டு நாளும் அவங்க கடல்ல. மூணாம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின நாள், வெயில்ல கரையில நிண்டன். வலைச் சொந்தக்காரன் கனகசபை கயிறைத் தரமாட்டன் எண்டான். "நல்ல கயிறு. நாப்பது பேர் பிடிச்சு இழுக்கிறம். இப்ப விலை ஏறிட்டுதெண்டு திருப்பிக் கேக்கிறியளோ?" எண்டு கத்தினான். நான் சொல்லிப் பாத்தன், கேக்கல்ல. கடைசியில கயிறை மணலில இழுத்துப் போட்டு, முழங்காலில இருந்து, அவங்க எல்லாருக்கும் முன்னால புரியைப் பிரிச்சன். தூள் கொட்டிச்சு. பிறகு கனகசபை கையில கொஞ்சம் தூளை அள்ளி என்ட முகத்துக்கு நேர நீட்டி, "இதைத்தானே எங்களுக்கு வித்தீர்? இதிலதானே என்ர ரெண்டு மகன்மாரும் கழுத்தளவு தண்ணியில நிக்கிறாங்கள்?" எண்டான். தூளை என்ட சட்டையிலேயே எறிஞ்சான். ஏசினான். நான் இங்க எழுத ஏலாத ஏச்சு. கேட்டுக்கொண்டு நிண்டன்.

ஆறு, ஒண்டு, ரெண்டு. ஒம்பதையும் கடைக்குப் பின்னால போட்டு மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சன். அறுந்ததோட சேர்ந்த அஞ்சும் பொலிஸில. பதினாலும் சரி.

புத்தகத்தைக் கொண்டு வாங்க தங்கச்சி. திறப்பும் கதிரையும் அப்பிடியே கிடக்கு. இனி உங்களுக்கு ஒருத்தரும் குறுக்க நிக்க மாட்டாங்க, நான் உட்பட. கோவம் எனக்கு இன்னும் போகல்ல, பொய் சொல்லல்ல. லாபிர் உள்ள இருக்கிறான், நீங்க வெளிய. ஆனா கடையில இப்ப ஒரு ஆணி எடுக்கவும் எனக்குப் பயமாக் கிடக்கு.

ஸைனுலாப்தீன்


கட்டைபறிச்சான்
09.04.1966

முதலாளிக்கு,

புத்தகம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நான் வரவில்லை.

வராததற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. இன்னொருவர் என் அட்டையை நம்பி ஏணியில் ஏறுவார் என்று நினைக்க எனக்கும் பயமாக இருக்கிறது. கிளிவெட்டியில் நெல் வாங்கும் இடத்தில் எழுத ஆள் கேட்கிறார்கள். போவேனோ தெரியாது. நீங்கள் வேறு ஆளைப் பிடியுங்கள். யாராக இருந்தாலும், முதல் நாள் கடையைப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் எண்ணச் சொல்லுங்கள். நீங்களும் கூட நின்று எண்ணுங்கள்.

பக்கம் 112 முடிந்துவிட்டது. சுரண்டின இடத்துக்கு மேல் ஒரு கோடு கிழித்தேன். கீழே புதிதாக எழுதினேன். 14 சுருள், கழிவு. 5 கப்பல் ஏற்றுமதிக்குக் கொடுத்தது, இப்போது பொலிஸில். 1 மூதூர் லோஞ்சுக்கு, திருப்பி எடுத்து எரித்தது. 2 நிலாவெளிக்கு, திருப்பி எடுத்து எரித்தது. 6 பரணில் இருந்து எரித்தது. மீதி இல்லை. குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினேன்: "இந்தக் கயிறு அறுந்து இறந்தவர் முத்தலிப், வயது முப்பத்தொன்று, கிண்ணியா."

புத்தகத்தை உங்களுக்கு அனுப்ப முதல் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். நஜ்முன் நிஸா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டா. "எண்ணியாச்சு, பதினாலும் கண்டுபிடிச்சாச்சு" என்றேன். அதற்குப் பிறகுதான் இருக்கச் சொன்னா. எழுதினதை வாசித்துக் காட்டினேன். பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டா. காட்டினேன். விரலை அதில் வைத்தா, எடுக்கவில்லை.

"இது கயிறுக்குரிய புத்தகமா?"

"கடையில இருக்கிற எல்லாச் சாமானுக்கும்."

"அவர்ட பேருக்குக் கிட்ட வேற ஒருத்தர்ட பேரும் இல்லையா?" என்று கேட்டா. "கயிறு எரிச்சது எழுதியிருக்கு. எங்க குடுத்தது எழுதியிருக்கு. குடுத்த ஆக்கள்ட பேர் எங்க?"

நான் அங்கேயே பேனையை எடுத்தேன். "இருப்பு அட்டையைத் திருத்தாமல் விட்டவர்: க. சிவபாக்கியம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதையும் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். தலையை ஆட்டினா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "பரணில் இருந்து கயிற்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னவர்:" என்று. அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. உங்கள் அஞ்சாம் திகதிக் கடிதத்தையும் அந்தப் பக்கத்துக்குள் வைத்திருக்கிறேன். அதை நீங்களே வைத்திருங்கள். நான் எவருக்கும் காட்டவில்லை.

நஜ்முன் நிஸாவுக்கு இத்தா முடிய ஆடி மாதமாகும். முடிந்ததும் கடைக்கு வந்து அந்த வரியை யாரைக் கொண்டாவது வாசிப்பித்துக் கேட்பா. என்னிடம் அப்படித்தான் சொன்னா.

அந்த வரி லாபிருக்கு இல்லை.

க. சிவபாக்கியம்